கோட்டுக்கு வெளியே

"அடிபட்ட எடத்துல வட்டம் போடுங்கன்னு எத்தனை தடவைம்மா சொல்றது?" என்று அலுத்துக்கொண்டார் ஆஸ்பத்திரி குமாஸ்தா. மரியபுஷ்பத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மில்லில் லீவு கேட்டால் சான்றிதழ் கொண்டுவரச் சொல்கிறார்கள், இங்கே வந்தால் மனித உருவம் வரைந்த இந்தத் தாளை நீட்டுகிறார்கள். இது மூன்றாவது தாள். பஸ் கவிழ்ந்ததில் அவளுக்கு ஒரு சிராய்ப்புகூட இல்லை. முதல் தாளில் உருவம் முழுவதையும் சுற்றி வட்டம் போட்டாள்; விளையாடுகிறாயா என்றார்கள். அடுத்ததில் தலைக்குப் போட்டாள். ஸ்கேன் எடுத்து, ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பினார்கள்.

"சோறு எறங்கல, தூங்க முடியல. இதெல்லாம் அடி இல்லையா சார்?"

"அதுக்கு இதுல எடமில்லம்மா."

அவள் தாளையே பார்த்தாள். கண்ணும் மூக்கும் இல்லாத அந்த உருவம் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு சும்மா நின்றது. பேனாவைப் பிடுங்கி, அதன் இடது கையை ஒட்டி, இடுப்பு உயரத்தில், வெற்றுத்தாளில் அழுத்தி ஒரு வட்டம் போட்டாள்.

"என்னம்மா, கோட்டுக்கு வெளிய போட்டிருக்கீங்க?"

"நல்லாப் பாருங்க சார். எம் மக அந்தக் கையத்தான் புடிச்சிட்டிருந்தா."