நண்டு போகும் வழி

மூங்கில் திரும்பவில்லை.

நேராக நுழைத்தாள். சாய்த்து நுழைத்தாள். கீழிருந்து ஏற்றிப் பார்த்தாள். பாறைப் பிளவின் நடுவில் ஒரு வளைவு. ஆறரை அடி மூங்கில் அங்கே போய் முட்டிக்கொண்டு நின்றது.

ஆறரை அடி என்பது ஸ்ட்ரெச்சரின் நீளம்.

இதுவரை பதினாறு பாறைகள். ஒவ்வொன்றிலும் மூங்கிலைக் கிடத்தி, திருப்பி, தூக்கிப் பார்த்து, சரியென்றால் வெள்ளைப் பெயிண்டால் எண் போட்டுக்கொண்டு வந்தாள். ஒன்பதாவதில் வழுக்கி முழங்கை சிராய்ந்தது. ஈரம் காயுமுன் அந்த ஒன்பதைத் துடைத்துவிட்டு, இரண்டடி தள்ளி எழுதினாள்.

இது பதினேழு. கடைசி. தாண்டினால் மணல். மணலுக்கு மேலே ரோடு. ரோட்டில் ஜீப் வரும். ஜீப் ஏறினால் ஆஸ்பத்திரி.

தீவின் இந்தப் பக்கத்து நாற்பது வீட்டுக்கும் அவள்தான் நர்ஸ்.

பத்து நாளில் தென்மேற்குக் காற்று எழும்பிவிடும். ஆஸ்பத்திரிக்குப் படகு ஓடாது. பவளத்துக்குப் பிரசவம் மூன்று வாரத்தில். முதல் இரண்டும் ஆயுதம் போட்டு எடுத்தவை. முன்கூட்டியே ஆஸ்பத்திரியில் போய் இரு என்றால், இந்த இரண்டையும் யார் பார்ப்பது என்கிறாள்.

போன வருஷம் இதே காற்றில் ஒருத்தி படகுக்காகக் காத்துக் கிடந்தாள். கடல் அடங்க மூன்று நாள் ஆனது. அவளுக்கு இரண்டு நாள்தான் இருந்தது.

பாறை வழியாகச் சுற்றிப் போக முடியாதா என்று பவளத்தின் புருஷன் மாசானத்தைக் கேட்டிருந்தாள். படகோட்டியான அவன் சிரித்தான்.

"அது நண்டு போற வழி சிஸ்டர்."

இப்போது மூங்கிலை நிமிர்த்தினாள்.

நிமிர்த்தினால் போனது.

சரி. ஸ்ட்ரெச்சர் நின்றுகொண்டு போகட்டும். பவளம் இங்கே மட்டும் நடக்க வேண்டும். பன்னிரண்டு எட்டு இருக்கும்.

பைக்குள் துண்டு, சாப்பாட்டு டப்பா, பிரஷர் பார்க்கும் பெட்டி. பையை வயிற்றில் வைத்துத் துப்பட்டாவால் இறுக்கிக் கட்டினாள். டேப்பை எடுத்துச் சுற்றினாள்.

எண்பத்தொன்பது சென்டிமீட்டர்.

நேற்று பவளத்தின் வயிறு தொண்ணூற்று நான்கு.

இடுக்கில் ஒதுங்கிக் கிடந்த தேங்காய் மட்டையைச் செருகினாள். தொண்ணூற்று நான்கு. மூன்று வாரத்துக்கு இன்னும் மூன்று சேர்க்க வேண்டும். மழைக்கோட்டைச் சுருட்டித் திணித்தாள்.

தொண்ணூற்று ஏழு.

மூங்கிலைச் சாத்தி வைத்துவிட்டு, பக்கவாட்டில் நுழைந்தாள்.

நண்டுகள் சிதறின.

ஆறாவது எட்டில் வயிறு மாட்டியது.

அவள் மூச்சை இழுத்து எக்கவில்லை. பவளத்தால் எக்க முடியாது.

முதுகைப் பாறைக்குக் கொடுத்து, முழங்காலை மடித்து, மெல்லத் தாழ்ந்தாள். கீழே பிளவு ஒரு சாண் அகலம் கூடுதல். குனிந்தபடியே பக்கவாட்டில் நகர்ந்தாள்.

ஏழு.

எட்டு.

பன்னிரண்டு.

வெயில்.

கரையை ஒட்டி மாசானத்தின் படகு. தூண்டிலும் கையுமாக வாயைப் பிளந்து பார்த்தவன், பிறகு சத்தம் போட்டுச் சிரித்தான்.

"என்ன சிஸ்டர், காலையில பாத்தப்ப ஒண்ணும் இல்லியே! எத்தன மாசம்?"

"ஒம்பது. பவளம்தான் வந்துருக்கா."

சிரிப்பு நின்றது.

அவன் அவள் வயிற்றைப் பார்த்தான். அவளுக்குப் பின்னால் இருந்த பிளவைப் பார்த்தான். தூண்டிலைக் கீழே வைத்தான். நங்கூரத்தை இறக்கிவிட்டு, இடுப்பளவுத் தண்ணீரில் குதித்து வந்தான்.

பாறையிலிருந்து மணலுக்கு மூன்றடி இறக்கம். கீழே வந்து நின்று இரண்டு கைகளையும் நீட்டினான்.

"பாத்து… மெதுவா எறங்கு புள்ள."

அவள் திருத்தவில்லை.

ஒரு கையை அவனிடம் கொடுத்தாள். மறு கையால் வயிற்றை அடியில் தாங்கிக்கொண்டு இறங்கினாள்.