நாற்பத்தொரு நன்றி

“அந்தப் படத்த அழிங்க டீச்சர். அழிச்சிட்டு, அதே குழுவுல எங்கிட்ட மன்னிப்பு கேளுங்க.”

ஆசிரியர் அறையில் பச்சை மாங்காய்த் துண்டுகளைக் குத்தி எடுத்துக்கொண்டிருந்த ஆசிரியர்களின் குச்சிகள் அப்படியே நின்றன.

அந்த அறையில் மாணவிகள் முட்டி போட்டுத்தான் பேச வேண்டும். குவான் நின்றுகொண்டிருந்தாள்.

வெட்டுப்பட்ட முடியைப் பார்த்த அன்றே அம்மா சொல்லியிருந்தாள். என்ன ஆனாலும் டீச்சரை மட்டும் மன்னிப்புக் கேட்கச் சொல்லிவிடாதே.

ரச்சனி டீச்சரின் மேசைமேல் குவானின் செவிலியர் கல்லூரிக் கோட்டாப் படிவம் கிடந்தது. கையெழுத்துப் போட வேண்டியவர் அவர்தான். நாளை கடைசி நாள்.

திங்கட்கிழமை, முடி நீளம் என்று சொல்லி வலது பக்கத்தை மட்டும் காதுக்கு மேலே வெட்டினார். இடது பக்கம் தோளில் புரண்டது. அப்படியே நிறுத்தி ஒரு படம். பெற்றோரும் பிள்ளைகளும் இருக்கிற வகுப்பு அரட்டைக் குழுவில் போட்டார். ‘சொன்னால் கேட்காதவர்களுக்கு.’

அதை வெட்டி எவனோ ஸ்டிக்கர் செய்தான். ஒத்தப்பக்கக் கோழி.

நேற்று உயிரியல் பாடத்தில் டீச்சரின் போன் பெரிய திரையோடு இணைந்திருந்தது. தவளையின் இதயத்தின் மேல் கோழி வந்து குதித்தது. பிறகு இன்னொன்று. பிறகு ஐந்தாறு.

டீச்சரும் சிரித்தார். சிரித்து முடித்த பிறகுதான் இணைப்பைத் துண்டித்தார்.

மதியம் சாப்பாட்டு மேசையில் குவானுக்குப் பக்கத்து இடத்தில் ஒரு புத்தகப்பை உட்கார்ந்திருந்தது. அதன் சொந்தக்காரி வேறு மேசையில்.

“கோழிக்கு இன்னிக்குக் குரல் வந்திருச்சே!” என்றார் கணக்கு ஆசிரியர்.

ரச்சனி டீச்சர் சிரிக்கவில்லை. போனை எடுத்து, குழுவை மேலே மேலே தள்ளி, அவள் முகத்துக்கு நேராக நீட்டினார்.

“இந்தா பாரு. உங்கம்மாவே நன்றி சொல்லியிருக்காங்க. அவங்கதான் மொத ஆளு. அப்புறம் நாப்பது பேரு. பெத்தவளுக்கு இல்லாத ரோஷம் உனக்கென்னடி?”

கைகூப்பிய முயல் ஸ்டிக்கர் ஒன்று. ‘அக்கறைக்கு நன்றி, டீச்சர்.’

குவான் அதைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய தேவை இல்லை.

கோன் கேன் நகரத்து மீன்வலை ஆலைக்கு வேலைக்குப் போகிற அம்மாவிடம் இருப்பது பொத்தான் போன். அந்தப் படத்தை அம்மா இன்னும் பார்க்கவே இல்லை. குழுவில் அம்மாவாக இருப்பது எப்போதும் குவான்தான்.

திங்கட்கிழமை, கழிவறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, வெட்டிய முடி மடியில் கிடக்க, அந்த முயலை அழுத்தியதும் அவள்தான். டீச்சர் மனம் இளகிக் கையெழுத்துப் போட்டுவிடுவார் என்று நினைத்தாள்.

பெற்றவளே நன்றி சொன்ன பிறகு, சிரிக்க மற்றவர்களுக்கு என்ன தயக்கம்?

டீச்சர் பேனாவின் மூடியைத் திறந்தார். “முட்டி போட்டு ஒழுங்கா கேளு. இப்பவே போட்டுத் தர்றேன்.”

“வேண்டாம் டீச்சர்.”

படிவத்தை அங்கேயே விட்டுவிட்டு வெளியே நடந்தாள்.

ஐந்து மணிக்கு அம்மாவின் ஷிப்ட் முடியும். ஆலை வாசலிலேயே நிறுத்தி, அந்தக் குழுவை முதல் வரியிலிருந்து அம்மாவுக்குப் படித்துக் காட்டப் போகிறாள்.

முயலையும் விடாமல்.