கேஜ் மணி

ஞாயிறு மத்தியானம், கோரமண்டல் சுரங்கக் குடியிருப்பு வீட்டில் ஜெயகரன் பழைய ஹார்ன் ஸ்பீக்கரைப் பிரித்து, குரல்களை ஒலிக்கும், மங்கிப்போன மிட்ரேஞ்ச் டிரைவரையும் அதன் ஹார்ன் குழலையும் எடுத்துவிட்டுப் புதியவற்றைப் பொருத்தினான். சோதித்துப் பார்க்க, காலையில் பதிவு செய்த சர்ச் பாட்டைப் போட்டான். ஒவ்வொரு குரலும் தனித்தனியாகத் தெளிந்தது. குரல்களுக்குப் பின்னால் மூன்று முறை மணி அடித்தது.

நாற்காலியில் இருந்த அப்பா ஈசாக்கு நிமிர்ந்தார். சுரங்கத்தில் ஆட்கள் போய்வரும் இரும்புக் கூண்டான கேஜை ஏற்றி இறக்கும் இன்ஜினை ஓட்டியவர். அவருடைய வலது கை தானாக எழுந்து, இல்லாத லீவரை இழுத்தது.

ஜெயகரன் பாட்டை நிறுத்தினான். பாட்டு நின்றது. ஸ்பீக்கரில் இரும்புக் கயிறு சுற்றும் சத்தம் மட்டும் நிற்கவில்லை.

“இன்னா நைனா இது?” அவன் பிளக்கைப் பிடுங்கப் போனான்.

“டேய், தொடாத! மூணு தபா மணி அடிச்சுதுல்ல, கேஜில ஆளுங்க ஏறிட்டாங்க. பாதியில வுட்டா அவங்க கதி இன்னா ஆவும்?”

கேஜ் இறங்கும் ஷாஃப்ட் குழியில் தண்ணீர் நிரம்பி, அதன் வாயை மூடி இருபது வருஷத்துக்கு மேலாகிறது. அப்பாவின் நெற்றியில் வியர்வை வழிந்தது. கை மட்டும் நடுங்கவில்லை.

நிறுத்தச் சொல்லும் ஒற்றை மணி அடித்தது. அவர் கையைத் தளர்த்தினார்.

“மேல வந்துட்டாங்க.”

வாசற்படியில் பூட்ஸ் சேற்றைத் தேய்க்கும் சத்தம் கேட்டது. ஒரு ஜோடி நின்றதும் அடுத்தது தொடங்கியது.