திடலைப் பார்த்த அறை

"தாக்குதல் கோச் வேலைக்கு அந்த பிரானிகனை எடுக்கலாமா? அவன் ரெக்கார்டைப் பார்த்தியே, எப்படி?" என்றார் கல்லூரியின் அமெரிக்கன் ஃபுட்பால் அணித் தலைமை கோச் ஹாலிஸ்.

வெர்லனுக்கு வயிறு எரிந்தது. பிரானிகன் வருவதற்கு முன்பே அவனுக்குத் திடலைப் பார்த்த அறை தயார். தடுப்பு கோச்சான தனக்கோ மாடிப்படிக்கு அடியில் ஒரு மேஜை!

"வேணாம் கோச். அவன் பேர் வாங்கினதே கோர்வில் காலேஜுக்கு எதிரா அம்பத்தாறு பாயின்ட் எடுத்த அந்த ஒரு மேட்ச்லதான்."

"அம்பத்தாறுன்னா சும்மாவா?"

"அட, கோர்வில் தடுப்பு வரிசை வெறும் சல்லடை கோச்! பாப்கார்ன் விக்கிறவன் பந்தைக் கக்கத்துல இடுக்கிட்டு ஓடியிருந்தாலும் பாயின்ட் எடுத்திருப்பான்."

ஹாலிஸ் தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"அப்படியா? இங்க வேலை கேட்டு வந்தப்போ, 'கோர்வில் தடுப்பு வரிசையை ஒத்தை ஆளா உருவாக்கினதே நான்தான்'னு மார் தட்டினியே, வெர்லன்!"