நல்ல தண்ணி

“தார்ப்பாய்ல ஒரு பொத்தல் காட்டுங்க மேஸ்திரி, நான் மீசையை எடுத்துடறேன்” என்றார் அப்பா. “தினமும் விடிஞ்சும் விடியாம வந்து தூக்கிப் பாத்துட்டுத்தான் பல்லே விளக்குவேன்.”

பழுதுபார்க்க வந்த ஃபைபர் மேஸ்திரி, படகுக்குள் முட்டிபோட்டுச் சுத்தியலால் தட்டிக்கொண்டே வந்தார். மூத்த மகன் இல்லாமல் கரைக்குத் திரும்பி வந்த படகு அது. அன்றைக்கு வீட்டுக்குப் பின்னால் ஏற்றிப் போட்டு மூடியதுதான். இப்போது அதைக் கடலில் இறக்கியே தீருவேன் என்று மேஸ்திரியைக் கூட்டி வந்தவன் இளையவன்.

“பின்பக்கத்தைத் திறக்கறேன். இன்ஜின் மாட்டுற இடம், அதுதான் முதல்ல போகும்.”

“முன்னால அறுங்க மேஸ்திரி. அங்கதான் சத்தம் ஒரு மாதிரி இருக்கு” என்றார் அப்பா.

மேஸ்திரி பழைய சட்டையை முகத்தில் கட்டிக்கொண்டு கிரைண்டரை ஓடவிட்டார். வெள்ளைத் தூள் பறந்து எல்லார் கழுத்திலும் முள்ளாய் ஒட்டியது. முன்பக்கத் தரைத்தட்டு ஒரு பாய் அகலத்துக்குக் கழன்று வந்தது.

அடியில், படகுக்கு முதுகெலும்பாக நீளவாக்கில் ஓடும் கட்டை கறுத்துக் கிடந்தது. ஸ்க்ரூ டிரைவரை வைத்ததும் சாணியில் இறங்குவதுபோல் இறங்கியது.

அப்பா காதில் செருகியிருந்த சிகரெட்டை எடுத்துப் பற்றவைத்தார்.

“ஃபைபர் ஒட்டுற ரெசின் டப்பா பக்கத்துல நெருப்பா? படகோட சேத்து என்னையும் எரிச்சுடலாம்னு பாக்கறீங்களா?” என்றார் மேஸ்திரி.

அப்பா நாலடி தள்ளிப்போய் உட்கார்ந்தார்.

“எவ்வளவு தூரம்ணே போயிருக்கு?” என்றான் இளையவன்.

“ரெண்டு முழம் இருக்கும். அதுக்கு மேல கல்லு மாதிரி இருக்கு, பாரு.” மேஸ்திரி நடுக்கட்டையைத் தட்டிக் காட்டினார். “இவ்வளவுதான்னா கவலைய விடு தம்பி. கெட்டத அறுத்துட்டுப் புதுக்கட்டை ஒட்டி, மேல ஃபைபர் போட்டா உன் பேரன் காலம் வரைக்கும் ஓடும்.”

“முதல்ல பொண்ணு கிடைக்கட்டும்ணே” என்று சிரித்தான் இளையவன். “கேட்டியாம்மா? படகு பிழைச்சுக்கும்.”

தண்ணீர்ச் செம்போடு வந்து நின்ற அம்மா, அதை மேஸ்திரியிடம் நீட்டினாள். அவள் சிரிக்கவில்லை. அப்பாவும் சிரிக்கவில்லை.

பின்பக்கத்தை அறுத்தபோது, தட்டைத் தூக்குவதற்கு முன்பே தண்ணீர் வழிந்தது. உள்ளே கட்டை என்று சொல்ல ஒன்றும் இல்லை. மேஸ்திரி கையால் அள்ளினார். ஈரப் பஞ்சு மாதிரி பிய்ந்து வந்தது.

“பின்னாலயுமா?” என்று அப்பா எழுந்துவிட்டார்.

மேஸ்திரி விரலை அந்தத் தண்ணீரில் நனைத்து நாக்கில் வைத்தார். துப்பினார். மறுபடியும் வைத்துப் பார்த்தார்.

“உப்பே இல்லையே.”

“அதனால என்னண்ணே?”

“கடல் தண்ணி கட்டையை இப்படிச் செய்யாது தம்பி. உப்புல போட்ட மீன் அழுகுமா? நல்ல தண்ணி தேங்கி நின்னாத்தான் இந்தக் கதி.”

தட்டின் ஓரத்தில் ஒரு திருகாணி அவர் விரலுக்கே கழன்று வந்தது. உடம்பெல்லாம் துரு; தலையிலிருந்த வெட்டு மட்டும் புதுக்காசுபோல் மின்னியது. கழற்றிக் கழற்றி மாட்டிய திருகாணி. மேஸ்திரி நிமிர்ந்தார். அம்மா அவர் பக்கத்திலிருந்த செம்பை எடுத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

மேஸ்திரி திருகாணியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். “மழைதான். எங்கேயோ இறங்கியிருக்கு” என்றார்.

“பொத்தலே இல்லன்னு அப்பா சொன்னாரே?”

“தண்ணிக்கு வழி சொல்லித் தரணுமா?” அவர் கிரைண்டரின் வயரைச் சுற்ற ஆரம்பித்தார். “ஒரு முனை மட்டும் போயிருந்தா, எந்த முனையா இருந்தாலும் காப்பாத்தியிருப்பேன். ரெண்டும் போனதுக்கப்புறம் புதுக்கட்டையை எதுல கொண்டுபோய் ஒட்டுறது? முதல் அலையிலேயே ரெண்டா மடங்கிடும். அறுத்துப் போட்டுடுங்க.”

இளையவன் கையிலிருந்த தூளைத் தட்டிவிட்டான். தட்டியும் போகவில்லை.

“சரி. பெரிய போட்டுக்காரர் ஆள் கேட்டுக்கிட்டே இருந்தார். சொந்தப் படகு இருக்குன்னு இழுத்தடிச்சேன். இப்பவே போய் வரேன்னு சொல்லிடறேன்.”

“அது ஆழத்துக்குப் போற போட்டுடா” என்றாள் அம்மா. “போனா மாசக்கணக்குல கரை கண்ணுலயே படாது.”

“நம்ம படகுன்னா கரை தெரியற தூரத்துல தொழில் பண்ணலாம், கூட அப்பாவும் இருப்பாருன்னுதான் பாத்தேன். அதான் செத்துப்போச்சே.”

சட்டையை உதறி மாட்டிக்கொண்டு அவன் போய்விட்டான். மேஸ்திரியும் சாமான்களைச் சாக்கில் அள்ளிக் கட்டிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் கிளம்பினார்.

அறுபட்ட படகின் விளிம்பில் அப்பா உட்கார்ந்திருந்தார். கழுத்தெல்லாம் தூள். சொறிந்துகொள்ளக்கூட இல்லை. அம்மா செம்பைக் கீழே வைத்துவிட்டு எதிரில் வந்து நின்றாள்.

“மழை இல்லங்க. நான்தான். பெரியவன் போனதிலேர்ந்து, நீங்க வெளிய கிளம்பினதும் தினமும் ஒரு செம்பு. திருகாணியைக் கழட்டிட்டு ஊத்துவேன். சின்னவனாவது கரையில கிடக்கட்டும்னு நெனச்சேன். அடிக்கறதுன்னா அடிங்க.”

அவர் கையை ஓங்கவில்லை. படகின் இரண்டு முனைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

“நீ ஊத்தினது பின்னால மட்டும்தானே?”

“ஆமாங்க. பின்னால மட்டும்தான்.”

“முன்னால ஊத்தினது நான்.”