செவலைக்குக் கிடைத்த சாட்சி

செவலை நாய் குரைத்தால்தான் வயல் காவல்காரர் ஓடி வருவார். பயிரை மேய்ந்த ஆடுமாட்டைப் பிடித்துப் பட்டியில் அடைப்பார். யாரைப் பார்த்துக் குரைப்பது என்பது செவலையின் இஷ்டம்.

வரப்போரம் ஒரு வாய் கடித்த வெள்ளாட்டைப் பார்த்து அது ஊரே அதிரக் குரைத்தது. ஊராட்சித் தலைவர் வீட்டுக் காளையோ நடுவயலில் நின்று ஆற அமர மேய்ந்தது.

"அண்ணே, அங்கயும் கொஞ்சம் பாருங்க!" என்றது இழுபட்டுப்போன ஆடு.

"சாட்சி பத்தாது" என்றது செவலை.

தேர்தலில் தலைவர் தோற்றார். மறுநாள் காளை வரப்பில் சும்மாதான் நடந்தது. செவலை பாய்ந்து குரைத்தது.

"இன்னும் வாயே வைக்கலையேடா!" என்றது காளை.

"போன மாசம் மேய்ஞ்சதுக்கு இப்பத்தான் சாட்சி சிக்குச்சு."

காளை பட்டிக்குப் போனது. புதுத் தலைவர் வீட்டு எருமை நெல்லுக்குள் இறங்கியது.

செவலைக்குக் கொட்டாவி வந்தது.