இரண்டு டம்ளர் தண்ணீர்

"இது உங்க வீட்டுக்காரர்கிட்டயிருந்து வந்ததில்லம்மா," என்றார் டாக்டரம்மா, கையுறையைக் கழற்றித் தொட்டியில் போட்டபடி.

திரைக்குப் பின்னால் உடையைச் சரிசெய்துகொண்டிருந்தவளின் கை நின்றது.

அவள் நம்பவில்லை. கேட்க வந்தது வேறு பதில்.

நர்ஸ் தட்டை எடுத்துக்கொண்டு போகும்போது கதவைச் சரியாகச் சாத்தவில்லை. அந்த இடுக்கில் வெளியே கிடந்த பெஞ்சும், பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவள் புருஷனின் ஒரு முழங்காலும் தெரிந்தன. முழங்கால் விடாமல் ஆடிக்கொண்டிருந்தது.

லாரி ஓட்டுகிறவன். மாதத்தில் பாதி நாள் எந்த ஊரில் படுக்கிறான் என்று அவனுக்கும் லாரிக்கும்தான் தெரியும்.

அவள் வேலை ஹோட்டல் விரிப்புகளை வெளுக்கிற சலவைக்கூடத்தில். கறை பிரிக்கிற மேசை அவளுடையது. ஒரு விரிப்பை உதறியதுமே இது காப்பி, இது ரத்தம், இது வாயால் சொல்லக்கூடாதது என்று தனித்தனிக் கூடையில் வீசிவிடுவாள். எதிர்மேசைக்காரி சொல்லிச் சிரிப்பாள்: "இவளுக்குப் புருஷனா இருக்கிறதுக்கு லாரியிலயே குடியிருக்கலாம்டி."

உட்கார முடியாத அரிப்பும், தயிர் திரிந்த மாதிரி வெள்ளையும் தொடங்கிய அன்றைக்கே அவன் துணிமூட்டையைப் பிரித்துக் கொட்டினாள். சட்டைக் காலர், உள்ளாடை, லாரியில் போர்த்துகிற போர்வை. ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மோந்து பார்த்தாள்.

டீசலும் வியர்வையும்தான்.

ஒன்றும் கிடைக்காதது சந்தேகத்தை இன்னும் கிளறியது. இவ்வளவு சுத்தமாக ஒரு லாரிக்காரன் இருப்பானா?

அன்றிலிருந்து அவன் பாய் முன்னறைக்குப் போனது. சோற்றுத்தட்டை நங்கென்று வைத்தாள். ஏன் என்று அவன் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

"உட்காருங்க," என்றார் டாக்டரம்மா. "இது பூஞ்சை. எங்கேயிருந்தும் வரல. எல்லார் உடம்புலயும் ஓரமா கொஞ்சம் கிடக்கும். அது தலைதூக்காம நல்ல கிருமிங்க அடக்கி வெச்சிருக்கும். அதுங்க செத்துட்டா இதைக் கேக்க ஆளில்ல. ஆட்டம் போடுது."

"நல்ல கிருமியா?"

"இருக்கு. உங்களுக்குச் சோறு போடாமலே உங்க வீட்டைக் காவல் காக்கிறதுங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே அவன்மேல் இருந்த கோபமும் கரைந்தது. பாவம், அவனைப் போய். முன்னறையில் குளிரில் முடங்கிக் கிடந்தானே. வீட்டுக்குப் போனதும் பாயை உள்ளே எடுத்துப் போட வேண்டும். மன்னிப்பெல்லாம் அவளுக்குக் கேட்டுப் பழக்கமில்லை. தட்டில் ஒரு முட்டை கூடுதலாக வைத்தால் புரிந்துகொள்வான்.

"சர்க்கரையும் உங்களுக்கு இல்ல. அப்ப அந்த நல்லதுங்களைக் கொன்னது எது? ஆன்டிபயாடிக் ஏதாவது போட்டீங்களா? பல்லுக்கு, சளிக்கு?"

"மருந்துன்னு எதுவும் இல்லீங்க. சத்து மாத்திரைதான். அவர் வாங்கிட்டு வந்தது."

இதைச் சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

கடைசி நீண்ட பயணம் முடிந்து அவன் வந்த மறுநாள் தொடங்கியது. கம்பெனியில் டிரைவர்களுக்கெல்லாம் கொடுத்தார்களாம், வீட்டுக்காரிக்கும் சேர்த்து. காலையும் ராத்திரியும் அவனே இரண்டு டம்ளர் தண்ணீர் கொண்டுவருவான். அவளுக்கு ஒன்று, அவனுக்கு ஒன்று. இத்தனை வருஷத்தில் அவன் கையால் அவளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் வந்தது அப்போதுதான். அவள் தொண்டையில் அது இறங்குகிறவரை பார்த்துக்கொண்டே நிற்பான். அவள் விடிகாலையிலேயே வேலைக்குப் போய்விட்டால் போனில் கேட்பான், "போட்டியா?"

ஒன்று விட்டாலும் பலன் இல்லையாம்.

எதிர்மேசைக்காரியிடம் சொன்னபோது அவள் வாயைப் பிளந்தாள். "என் வீட்டுல இருக்கிறது, நான் செத்தாக்கூட டீ எங்கேன்னு கேக்கும்."

வயிற்றைப் புரட்டியதால் நடுவில் ஒரே ஒரு நாள் அவள் ஒன்றை விழுங்கவில்லை. விழுங்கியதாகப் பொய் சொன்னாள். தூக்கி எறியவும் மனம் வரவில்லை. அவன் ஆசையாக வாங்கி வந்தது.

அதைப் பர்ஸின் பக்க அறையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தாள். அவள் வேலைக்கு எடுத்துப் போக வசதியாக இருக்கட்டும் என்று மாத்திரை அட்டையைக் கத்தரியால் ஒவ்வொன்றாக வெட்டித்தான் கொடுப்பான். பெயர் முழுசாக இல்லை. பாதி எழுத்துதான் ஒட்டிக்கொண்டிருந்தது.

டாக்டரம்மாவுக்கு அந்தப் பாதி போதுமானதாக இருந்தது. அதை விளக்கின் கீழே திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது சத்து மாத்திரை இல்லம்மா. கிருமியைக் கொல்றது. நல்லது கெட்டது பார்க்காது."

"தெரியாம மாத்திக் கொடுத்திருப்பாங்களோ?"

டாக்டரம்மா மாத்திரையை மேசைமேல் வைத்தார்.

"அவரும் போட்டாரா?"

"ஆமா. ரெண்டு பேரும் ஒண்ணாத்தான். ஒரே நாள் ஆரம்பிச்சு ஒரே நாள் முடிச்சோம்."

"இதைச் சளிக்கும் கொடுக்கிறதுதான்," குரலைத் தாழ்த்தினார் டாக்டரம்மா. "ஆனா சளின்னா ஒருத்தருக்குத்தான் கொடுப்பாங்க. புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரையும் சேர்ந்து போடச் சொல்றது வேற நோய்க்கு."

அவள் மேசையில் கிடந்த மாத்திரையைப் பார்த்தாள். ஒரு விரிப்பை உதறிப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

டாக்டரம்மா எழுந்து கதவைச் சாத்தப் போனார்.

வெளியே பெஞ்சில் முழங்கால் ஆடுவது நின்றிருந்தது.